போர்க்காலத்தில் மட்டும் முடிந்தவை

பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டி, மொனாங்கஹேலா ஆற்றங்கரையில் ஹோம்ஸ்டெட் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஊர் என்றாலே உருக்காலைதான். 1986-இல் ஆலையை மூடினார்கள். இன்று அந்த இடத்தில் தியேட்டரும் துணிக்கடைகளும் உணவகங்களுமாகப் பெரிய வணிக வளாகம். ஆலையின் மிச்சமாகப் பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகளை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கப் போனாலும் அவை கண்ணில் படும். இந்தப் பக்கம் குடிவந்த பிறகுதான் இங்கே வேலை செய்தவர்களின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. எதையெல்லாம் தொழிலாளிக்குத் தரவே முடியாது, தந்தால் தொழில் படுத்துவிடும் என்று முதலாளிகள் பல்லாண்டு சொல்லிவந்தார்களோ, அதில் பெரும்பகுதியைக் கடல் கடந்து ஒரு போர் வந்ததும் சில மாதங்களுக்குள் தந்துவிட்டார்கள். தொழில் படுக்கவில்லை. உற்பத்தி கூடியது. போர் முடிந்ததும் தந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். போர்தான் அமெரிக்கத் தொழிலாளிக்கு நல்லது செய்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. செய்ய முடியும் என்பது போரின்போது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். செய்யாமல் இருந்தது ஒரு முடிவு. திரும்ப எடுத்துக்கொண்டதும் ஒரு முடிவு. அந்த முடிவுகளை எடுத்தவர்களுக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு.

உருக்காலையிலிருந்தே தொடங்குகிறேன். 1892-இல் ஹோம்ஸ்டெட்டில் ஆண்ட்ரூ கார்னகியின் நிர்வாகம் கதவடைப்பு செய்தது. பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்களைப் படகில் ஏற்றி ஆற்று வழியாக இறக்கப் பார்த்தார்கள். தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் இரு பக்கமும் உயிர்கள் போயின. கடைசியில் மாநிலப் படை வந்தது, சங்கம் ஒழிந்தது. அதன்பிறகு சங்கம் இல்லாத அந்த ஆலைகளில் 12 மணி நேர ஷிப்ட்தான் சட்டம். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று இரண்டே இரண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும்போது ஒரு குழு தொடர்ந்து 24 மணி நேரம் உலையின் முன்னால் நிற்க வேண்டும். அதை ‘நீண்ட முறை’ என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனவர் திங்கட்கிழமை காலையில்தான் வீடு திரும்புவார். உலையை அணைக்க முடியாது, மூன்று ஷிப்ட் வைத்தால் கட்டுப்படியாகாது, அந்த அளவுக்கு ஆளும் கிடைக்காது என்பது நிர்வாகம் சொன்ன காரணம்.

1914-இல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் இந்த ‘ஆள்’ கணக்கே மாறிப்போனது. அந்த ஆண்டு அமெரிக்காவுக்குள் வந்த குடியேறிகள் 12 லட்சத்துக்கும் மேல். 1918-இல் வந்தவர்கள் 1 லட்சத்து 10 ஆயிரம் சொச்சம். ஸ்லோவாக்கியரும் போலந்துக்காரரும் ஹங்கேரியரும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் நின்றுபோனது. 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் படைக்குப் போனார்கள். ஆலை வாசலில் வேலைக்காகக் காத்து நின்ற கூட்டம் இல்லாமல் போனது. “பிடிக்கவில்லையென்றால் போ, உன் இடத்துக்குப் பத்துப் பேர் நிற்கிறார்கள்” என்று போர்மேன் இனிச் சொல்ல முடியாது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், நல்ல கூலி தேடி ஆலை விட்டு ஆலை மாறினார்கள். பீரங்கிக் குண்டு தாமதமானது. அப்போதுதான் வாஷிங்டனுக்கு அக்கறை வந்தது.

1918 ஏப்ரலில் அதிபர் உட்ரோ வில்சன் தேசியப் போர்த் தொழிலாளர் வாரியத்தை அமைத்தார். அதன் இரண்டு தலைவர்களில் ஒருவர் பிராங்க் வால்ஷ், தொழிலாளர் பக்கம் நின்ற வழக்கறிஞர். இன்னொருவர் முன்னாள் அதிபர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். இந்த டாஃப்ட் இளம் நீதிபதியாக இருந்தபோது, 1894 ரயில்வே வேலைநிறுத்தத்தில், ஒரு சங்க அமைப்பாளரை ஆறு மாதம் சிறைக்கு அனுப்பியவர். சங்கங்களுக்கு எதிராகத் தடையாணை போடுவதில் பெயர் வாங்கியவர். அவரே தலைமை தாங்கிய வாரியம் என்ன சொன்னது தெரியுமா? தொழிலாளிக்குச் சங்கம் சேர உரிமை உண்டு. அதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது. சட்டம் எங்கெல்லாம் சொல்கிறதோ அங்கெல்லாம் எட்டு மணி நேர வேலை, மற்ற இடங்களில் உற்பத்தியையும் உடல்நலத்தையும் பார்த்து முடிவு. ஆணின் வேலையைச் செய்யும் பெண்ணுக்கு ஆணின் கூலி. குடும்பம் ஓரளவு நன்றாக வாழும் அளவுக்குக் கூலி. பதிலுக்குப் போர் முடியும்வரை வேலைநிறுத்தமும் கூடாது, கதவடைப்பும் கூடாது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகராறுகள் அந்த வாரியத்தின் முன் வந்தன. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்பீல்டில் துப்பாக்கி செய்யும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம், சங்கத்தில் சேர மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஆள் எடுப்போம் என்றது. வாரியத்தின் தீர்ப்பை ஏற்க மறுத்தது. 1918 செப்டம்பரில் அரசு அந்த ஆலையையே எடுத்துக்கொண்டது. அதே மாதம் கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்டில் ஆயுத ஆலைத் தொழிலாளர்கள் தீர்ப்பு போதாது என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். உடனே வேலைக்குத் திரும்பாவிட்டால் ஓராண்டுக்குப் போர்த்தொழில் எதிலும் வேலை கிடையாது, படைக்குப் போவதிலிருந்து இருந்த விலக்கும் போய்விடும் என்று வில்சன் கடிதம் எழுதினார். முதலாளி கேட்கவில்லையென்றால் ஆலை போகும். தொழிலாளி கேட்கவில்லையென்றால் அவன் போர்முனைக்குப் போவான். இரண்டையும் சமமாக எடைபோட என்னால் முடியவில்லை.

உருக்காலை முதலாளிகளும் அந்தச் சமயத்தில் இறங்கி வந்தார்கள். 1918 அக்டோபரிலிருந்து யுஎஸ் ஸ்டீல் நிறுவனம் ‘அடிப்படை எட்டு மணி நேரம்’ என்று அறிவித்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. கூலியில் மட்டும்தான் எட்டு மணி நேரம். வேலை அதே பன்னிரண்டு மணி நேரம். தொழிலாளி கேட்டது தூக்கம், கிடைத்தது ஓவர்டைம். நவம்பர் 11-ஆம் தேதி போர் நின்றது.

1919-இல் நாடு முழுக்க நாற்பது லட்சம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 22-ஆம் தேதி உருக்காலைத் தொழிலாளர்கள் இறங்கினார்கள், ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். கோரிக்கைகள் எளிமையானவை: எட்டு மணி நேர வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, 24 மணி நேர ஷிப்ட் ஒழிய வேண்டும், சங்கத்தோடு பேச வேண்டும். யுஎஸ் ஸ்டீல் தலைவர் எல்பர்ட் கேரி சங்கப் பிரதிநிதிகளைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். போர்த் தொழிலாளர் வாரியம் அந்த ஆண்டே கலைக்கப்பட்டிருந்தது. வில்சன் செப்டம்பர் கடைசியில் உடல்நலம் கெட்டுப் படுத்துவிட்டார். ஓராண்டுக்கு முன்னால் ஆலையைப் பறிமுதல் செய்யும் அளவுக்குக் கை நீண்ட அரசு இப்போது கையைக் கட்டிக்கொண்டது.

பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் நடந்ததைப் படிக்கும்போது எனக்கு ரத்தம் கொதிக்கும். பொது இடத்தில் மூன்று பேரோ அதற்கு மேலோ கூடக் கூடாது என்று ஷெரீப் உத்தரவு போட்டார். குதிரைப் போலீஸ் வீட்டு வாசல்வரை விரட்டி அடித்தது. ஹோம்ஸ்டெட்டில் கூட்டம் போட அனுமதி கிடைத்தாலும் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்லோவாக்கும் போலிஷும் ஹங்கேரியனும்தான் தெரியும். தன் வயிற்றுப்பாட்டைத் தன் மொழியில் பேசக் கூடாது என்று ஒரு ஊரே தடுக்கப்பட்டதைத் தமிழர்கள் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் வேலைக்குத் திரும்புங்கள் என்று பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வந்தபோது மட்டும் அத்தனை மொழிகளிலும் அச்சடித்தார்கள். தென்மாநிலங்களிலிருந்து கறுப்பினத்தவர்களையும், எல்லைக்கு அப்பாலிருந்து மெக்சிகோக்காரர்களையும் கருங்காலிகளாகக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான சங்கங்கள் அதுவரை கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பிறகு அவர்கள் சங்கத்தின் பக்கம் ஏன் நிற்க வேண்டும்? 1920 ஜனவரி 8-ஆம் தேதி வேலைநிறுத்தம் தோற்றது. அதை ஆராய்ந்த கிறிஸ்தவ சபைகளின் குழு, உருக்காலைத் தொழிலாளியின் சராசரி வாரம் 68.7 மணி நேரம் என்று எழுதியது.

இந்த வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, அக்டோபர் 29-ஆம் தேதி, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாடு முதன்முதலாக வாஷிங்டனில் கூடியது. அங்கே நிறைவேறிய முதல் உடன்படிக்கையே எட்டு மணி நேர நாள், 48 மணி நேர வாரம் பற்றியதுதான். கூட்டம் நடந்த நாடு அப்போது அந்த அமைப்பில் உறுப்பினராகவே இல்லை. அந்த உடன்படிக்கைக்கு இன்றுவரை ஒப்புதலும் தரவில்லை. நம்மூருக்கும் அதில் ஒரு வரி இருந்தது. தொழிலாளர் தரப்பில் என்.எம். ஜோஷி போயிருந்தார். பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 48 அல்ல, 60 மணி நேரம் என்று தனி விதிவிலக்கு எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் சென்னையில் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து பி.பி. வாடியா சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். திரு.வி.க.வும் அதில் முன்னின்றார். போர் விலைவாசி ஏற்றம் பெரம்பூரையும் விட்டுவைக்கவில்லை.

கேரி முடியாது என்று சொன்ன எட்டு மணி நேரம் 1923 ஆகஸ்டில் வந்தது. அதிபர் ஹார்டிங்கும் வணிக அமைச்சர் ஹூவரும் கொடுத்த நெருக்கடியில், போரோ வேலைநிறுத்தமோ இல்லாத ஒரு சாதாரணக் கோடையில் வந்தது. உலைகள் அணையவில்லை. ஆள் கிடைக்காமல் போகவும் இல்லை. 1919-இல் உயிர்விட்டவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

முதல் போரின் இன்னொரு முகத்தையும் விட்டுவிடக் கூடாது. அரிசோனா மாநிலம் பிஸ்பீயில் தாமிரச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, 1917 ஜூலை 12 அன்று, சுரங்க முதலாளிகளும் ஷெரீப்பும் திரட்டிய ஆயுதக் கும்பல் ஏறத்தாழ 1,200 பேரை வீடு வீடாகப் புகுந்து பிடித்து, மாட்டு வேகன்களில் அடைத்து, நியூமெக்சிகோ பாலைவனத்தில் இறக்கிவிட்டது. காரணம், போருக்குத் தாமிரம் வேண்டும். இதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. போரை எதிர்த்து ஓஹாயோவில் பேசிய தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டு சிறை. எட்டு மணி நேரத்தைத் தந்த அதே அரசின் வேலைதான் அதுவும்.

இரண்டாம் உலகப் போருக்கு வருகிறேன். இதில் ஒரு விஷயம் இங்கே இருக்கும் நம்மவர்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்குள்ளும் இருக்கிறது.

நண்பர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு வேலை போனது. மென்பொருள் துறை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். காலையில் ஒரு வீடியோ அழைப்பு, மதியத்துக்குள் லேப்டாப் முடக்கம். அவர் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். நாங்கள் போனபோது அந்தப் பெண் விசாவைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டுக் கடனைப் பற்றிக் கேட்கவில்லை. “அண்ணா, இந்த மாசக் கடைசியோட இன்ஷூரன்ஸ் நின்னுடுமாமே, டெலிவரிக்கு என்ன பண்றது?” என்றுதான் கேட்டாள். கோப்ரா என்ற ஏற்பாட்டில் தொடரலாம், ஆனால் இதுவரை நிறுவனம் கட்டிய பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். சம்பளம் நின்ற மாதத்தில்! அன்றிரவு முழுக்க நான் யோசித்தது ஒன்றுதான். வேலைக்கும் வைத்தியத்துக்கும் யார் முடிச்சுப் போட்டார்கள்?

1942 அக்டோபரில் போட்ட முடிச்சு அது. போர்க்காலத்தில் விலைவாசி எகிறாமல் இருக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு நிலைப்படுத்தல் சட்டம் கொண்டுவந்தது. கூலி உயர்வுக்குக் கடிவாளம். ஆலைகளுக்கோ ஆள் பஞ்சம். கூலியைக் கூட்டி ஆள் பிடிக்க முடியாது. ஆனால் நியாயமான அளவில் தரும் காப்பீடும் ஓய்வூதியமும் கூலிக் கணக்கில் சேராது என்று சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. அந்த வழியாக எல்லாரும் நுழைந்தார்கள். ஆள் பிடிக்க மருத்துவக் காப்பீடு ஒரு தூண்டில் ஆனது. நிறுவனம் கட்டும் பிரீமியத்துக்குத் தொழிலாளி வரி கட்ட வேண்டாம் என்று 1943-இல் வரித்துறை சொன்னது, 1954 சட்டம் அதை உறுதியாக்கியது. இதற்கிடையே 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் எல்லாக் குடிமக்களுக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று காங்கிரஸைக் கேட்டார். மருத்துவர் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது, திட்டம் செத்தது. பிறகு சங்கங்களும் வேறு வழியின்றி நிறுவனத்திடமே காப்பீடும் ஓய்வூதியமும் கேட்டுப் போராடின. 1949-இல் ஐந்து லட்சம் உருக்காலைத் தொழிலாளர்கள் அதற்காகவே வேலைநிறுத்தம் செய்தார்கள். போர்க்கால ஏற்பாடுகளில் நிலைத்து நின்றது இது. இது ஏன் நின்றது? தொழிலாளியை நிறுவனத்தோடு கட்டிப்போடும் ஏற்பாடு என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன். நிறுவனங்களுக்கு அதில் நஷ்டம் இல்லை.

நிலைக்காதவற்றில் என் மனதை அதிகம் பாதிப்பது குழந்தைகள் காப்பகம். ஆரிகன் மாநிலம் போர்ட்லாண்டில் ஹென்றி கைசரின் கப்பல் கட்டும் தளங்கள் இரவு பகலாக ஓடின. ஆண்கள் படையில் இருந்ததால் பெண்கள் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாளில் அவர்களால் வேலைக்கு வர முடியவில்லை. 1943-இல் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் கைசரின் கப்பல் வெள்ளோட்டம் ஒன்றுக்கு வந்தபோது இதை வலியுறுத்தினார். அந்த ஆண்டு நவம்பரில் ஸ்வான் ஐலண்ட் தளத்தில் காப்பகம் திறந்தது. ஆரிகன்ஷிப் தளத்தில் இன்னொன்று.

அந்தக் கட்டடத்தின் விவரங்களைப் படித்தபோது, ஒரு தாயாக, எனக்குப் பொறாமையாகவே இருந்தது. தளத்தின் வாசலிலேயே கட்டியிருந்தார்கள். ஷிப்டுக்குப் போகும் வழியில் பிள்ளையை விட்டுவிட்டு, திரும்பும் வழியில் அழைத்துக்கொள்ளலாம். நடுவில் முற்றம், சுற்றிலும் சக்கரம்போல விளையாட்டு அறைகள். அம்மா வேலை செய்யும் கப்பல் தெரிகிற மாதிரி ஜன்னல். குளிப்பாட்டுகிறவர் குனிந்து குனிந்து இடுப்பு ஒடியாமல் இருக்கக் குளியல் தொட்டியை உயரத்தில் வைத்திருந்தார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் தனி அறையும் நர்சும். பயிற்சி பெற்ற ஆசிரியைகள். இரவு ஷிப்டுக்கும் திறந்திருந்தது. வேலை முடிந்து களைத்துப்போய் வருகிறவர் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டாமென்று, குடும்பத்துக்குச் சமைத்த உணவைக் கட்டிக்கொடுத்தார்கள், குறைந்த விலைக்கு. இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 4,000 பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். செலவு கைசரின் பையிலிருந்து போகவில்லை. கப்பலின் அடக்கவிலையில் சேர்த்து அரசிடம் வாங்கிக்கொண்டார். அதாவது மக்கள் வரிப்பணத்தில் இதைச் செய்ய முடியும் என்பது கணக்கோடு நிரூபணமான விஷயம்.

நாடு முழுக்க லான்ஹம் சட்டம் என்ற போர்க்காலச் சட்டத்தின் பணத்தில் 3,000-க்கும் மேற்பட்ட காப்பகங்கள் இயங்கின. போர்ட்லாண்டில் 1945-இல் போர் முடிந்த சூட்டோடு கதவைச் சாத்தினார்கள். மற்றவற்றுக்கும் பணத்தை நிறுத்தப் போனார்கள். தாய்மார்கள் கடிதம் எழுதினார்கள், தந்தி அடித்தார்கள், ஊர்வலம் போனார்கள். ட்ரூமன் 1946 பிப்ரவரி கடைசிவரை நீட்டித்தார். அவ்வளவுதான். கலிபோர்னியாவில் மட்டும் தாய்மார்களும் ஆசிரியைகளும் விடாப்பிடியாக நின்று மாநிலப் பணத்தில் தொடரவைத்தார்கள். கப்பல் வேண்டியபோது பெண்ணின் களைப்பு நாட்டின் கவலையாக இருந்தது. கப்பல் வேண்டாமென்றான மறுநாள் அது அவள் குடும்பப் பிரச்சினை ஆகிவிட்டது. 1971-இல் காங்கிரஸ் நாடு தழுவிய குழந்தைப் பராமரிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி அனுப்பியது. நிக்சன் அதைத் தள்ளுபடி செய்தார். இன்று இந்த ஊரில் டேகேருக்குக் கட்டும் பணத்தைச் சொன்னால் ஊரில் இருக்கும் என் அம்மாவுக்குத் தலைசுற்றும்.

யாரும் கேட்காமல் எதுவும் வரவில்லை என்பதற்கு ஃபிலிப் ராண்டால்ஃபைச் சொல்ல வேண்டும். ரயில்களில் படுக்கை விரித்து, பயணிகளின் காலணி துடைத்த கறுப்பினப் போர்ட்டர்களின் சங்கத்தை 1925-இல் தொடங்கி, புல்மன் நிறுவனத்தோடு பன்னிரண்டு ஆண்டு போராடி ஒப்பந்தம் வாங்கியவர். 1941-இல், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, ஐரோப்பாவுக்கு அனுப்ப விமானமும் டாங்கியும் செய்யும் ஆலைகள் பெருகின. ஆனால் கறுப்பினத்தவருக்கு அங்கே கூட்டிப் பெருக்கும் வேலைதான் என்று ஒரு விமான நிறுவனம் பகிரங்கமாகவே சொன்னது. ராண்டால்ஃப் ஜூலை 1 அன்று வாஷிங்டனை நோக்கி ஊர்வலம் என்று அறிவித்தார். ஜனநாயகத்துக்காக உலகத்தோடு பேசிக்கொண்டிருந்த அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு அது பெரிய தலைவலி. ஜூன் 18 அன்று வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஊர்வலத்தைக் கைவிடச் சொன்னார். ராண்டால்ஃப் அசையவில்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று ரூஸ்வெல்ட் கேட்டார். ஒரு லட்சம் பேர் என்று பதில் வந்தது. ஒரு வாரத்தில், ஜூன் 25 அன்று, ஆணை 8802 வந்தது. பாதுகாப்புத் தொழில்களிலும் அரசு வேலையிலும் இனம், மதம், நிறம், பூர்வீகம் பார்த்து ஆளைத் தள்ளக் கூடாது. கண்காணிக்க ஒரு குழு.

ராண்டால்ஃப் போரைப் பயன்படுத்திக்கொண்டார் என்று குறை சொன்னவர்கள் அன்று இருந்தார்கள். எனக்கு அவர்மேல் அளவுகடந்த மரியாதை. நேரம் பார்த்து அடித்தவர் அவர். ரூஸ்வெல்ட்டின் நல்லெண்ணத்தை நம்பிக் காத்திருந்தால் அந்த ஆணை வந்திருக்காது.

ஆணை வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பாய்லர்மேக்கர்ஸ் சங்கம் கைசர் தளங்களிலேயே கறுப்பினத்தவரைத் தனிக் கிளையில் ஒதுக்கியது. பிலடெல்பியாவில் 1944 ஆகஸ்ட் 1 அன்று எட்டுக் கறுப்பினத் தொழிலாளர்கள் டிராம் ஓட்டப் பயிற்சிக்குப் போக வேண்டிய நாள். எட்டே பேர். அதைப் பொறுக்காமல் வெள்ளைத் தொழிலாளர்கள் மொத்த நகரப் போக்குவரத்தையும் நிறுத்தினார்கள். ஆயுத ஆலைகளுக்கு ஆள் போக முடியவில்லை. அரசு 5,000 ராணுவத்தினரை இறக்கியது. திங்கட்கிழமைக்குள் வேலைக்கு வராதவர்களுக்கு வேலையும் போகும், படை விலக்கும் போகும் என்றது. திரும்பி வந்தார்கள். அந்த எட்டுப் பேரும் டிராம் ஓட்டினார்கள். நகரம் இடிந்து விழவில்லை. போர்த்தொழிலில் கறுப்பினத்தவரின் பங்கு 1942-இல் 3 சதவீதம் இருந்தது, 1944 கடைசியில் 8 சதவீதத்தைத் தாண்டியது. கண்காணிப்புக் குழுவை 1946-இல் காங்கிரஸ் பணம் தராமல் சாகவிட்டது. அதே பாதுகாப்பு சட்டமாக வர 1964 ஆனது.

1946-இல் நாற்பத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டே பதில் வந்தது. ட்ரூமனின் மறுப்பையும் மீறி நிறைவேறிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் சங்கங்களின் கையைப் பல விதத்தில் கட்டியது. அதைக் கொண்டுவந்த செனட்டர் ராபர்ட் டாஃப்ட், 1918-இல் சங்கம் சேரும் உரிமையை அறிவித்த வாரியத் தலைவரின் மகன்.

வியட்நாம் போர் வந்தபோது இந்தக் கணக்கு எதுவும் ஒத்துவரவில்லை. ஆள் பஞ்சம் வந்து ஆலை முதலாளிகள் இறங்கிவரவில்லை. போருக்குப் பணம் போகப் போக, வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்கு வறட்சி வந்தது. 1967 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க்கில் இதைத்தான் வெளிப்படையாகப் பேசினார். அடுத்த ஆண்டு மெம்பிஸில் இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் குப்பை லாரியின் அரவையில் சிக்கி இறந்தார்கள். 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணைநிற்கப் போன இடத்தில்தான் கிங் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜான்சன் கொண்டுவந்த வேலையிடப் பாதுகாப்பு மசோதா காங்கிரஸில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஆண்டுக்கு 14,000 பேர் வேலையிடத்தில் சாகிறார்கள், நான்கு ஆண்டில் அது வியட்நாமில் இறந்த அமெரிக்கர்களின் கணக்குக்குச் சமம் என்று 1970-இல் செனட்டில் சொல்லிச் சொல்லித்தான் அந்தச் சட்டம் நிறைவேறியது.

அதற்கு முன்னால் வழி திறந்தவர்கள் இங்கிருந்து தெற்கே மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். 1968 நவம்பர் 20 அன்று மேற்கு வர்ஜீனியா ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகளாக மூச்சுத் திணறிச் செத்த சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோய்க்குக் காரணம் நிலக்கரித் தூசி அல்ல, சிகரெட்தான் என்று கம்பெனி டாக்டர்கள் சொல்லிவந்தார்கள். 1969 பிப்ரவரியில் ஒரு சுரங்கத்தில் தொடங்கிய நிறுத்தம் மாநிலம் முழுக்கப் பரவியது. 40,000 பேர் வெளியே வந்தார்கள். சங்கத் தலைமைகூட அவர்களை ஆதரிக்கவில்லை. தலைநகர் சார்ல்ஸ்டனுக்குப் போய்ச் சட்டமன்றத்தின் முன் நின்றார்கள். நுரையீரல் நோய்க்கு இழப்பீடு தரும் சட்டத்தில் ஆளுநர் மார்ச் 11 அன்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டமும் வந்தது. சுரங்கக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் தூசிவரை இருக்கலாம் என்று அதில் எழுதினார்கள். முதலில் 3, பிறகு 2. அதை யாரும் திரும்ப எடுக்கவில்லை. 2014-இல் வந்த விதி 1.5 ஆகக் குறைத்தது.